நீண்ட வளைவில் ஆயில் லைட் மின்னுகிறது, பெரிய சம்ப் வாங்கிப் போடலாமா?

கேள்வியில் உள்ள விவரம் இவ்வளவுதான். 1.3 லிட்டர் மாருதி எஸ்டீம், டிராக் டேக்கு (ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டும் நாள்) மட்டும் எடுக்கிற வண்டி. செமி ஸ்லிக் டயர் (பட்டை குறைவான, பிடிப்பு அதிகமான டயர்) மாட்டியதிலிருந்து நீண்ட வலது வளைவில் ஆயில் லைட் ஒரு நொடி மின்னி அணைகிறது. 5 லிட்டர் 'ரேஸ் சம்ப்' (சம்ப் என்பது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்கிறீர்கள். எந்த டிராக், எந்த ஆயில், லெவல் எவ்வளவு என்று ஒன்றும் இல்லை. சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக் என்று நானே வைத்துக்கொள்கிறேன். கேள்வி கேட்கிறவர்கள் இன்னும் இரண்டு வரி எழுதினால் பதில் சொல்கிறவர்களுக்கு ஜோசியம் பார்க்கிற வேலை மிச்சம்.

வாங்காதீர்கள். குறைந்தபட்சம் இப்போதைக்கு.

அந்த லைட்டை நம்பி ஒரு லாப் கூட ஓட்ட வேண்டாம். கம்பெனி ஆயில் பிரஷர் ஸ்விட்ச் சுமார் 0.3 முதல் 0.5 பாரில்தான் லைட்டைப் போடும், அதாவது 4 முதல் 7 பிஎஸ்ஐ. ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய பட்டறைக் கணக்கு. அதன்படி 6000 ஆர்பிஎம்மில் 60 பக்கம் இருக்க வேண்டியது 7க்குக் கீழே விழுந்த பிறகுதான் உங்களுக்குச் சேதி வருகிறது. அதற்குள் கனெக்டிங் ராடும் கிராங்கும் (இன்ஜினின் சுழலும் தண்டு) சேருகிற ராட் பேரிங்கில் உலோகமும் உலோகமும் உரசியிருக்கும். 20 பிஎஸ்ஐயில் எரிகிற இன்னொரு ஸ்விட்சைப் போட்டு, கண்ணில் அறைகிற மாதிரி பெரிய சிவப்பு பல்பு ஒன்றை ஸ்டியரிங்குக்கு நேராக வையுங்கள். சூடான இன்ஜின் ஐட்லிங்கில் அது எரியும், எரியட்டும். ஸ்விட்சை நேராக பிளாக்கில் முறுக்காமல் சின்ன ஹோஸ் வைத்து பாடியில் மாட்டுங்கள், நேராக முறுக்கினால் அதிர்வில் சீக்கிரம் போய்விடும்.

இனி சம்ப். எஸ்டீமில் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. வளைவில் ஆயில் கிராங்கின் நீளவாக்கில், அதாவது சம்ப்பின் நீளமான பக்கமாக ஓடும். பிரேக் அடித்தால் குறுகலான பக்கம். நீளமான பக்கம்தான் ஆபத்து. 120 கிமீ வேகத்தில் 110 மீட்டர் ஆர வளைவு என்றால் பக்கவாட்டு விசை ஏறக்குறைய 1 ஜி. 1 ஜியில் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். 90 டிகிரி திரும்ப 5 செகண்டுக்கு மேல் ஆகும், அவ்வளவு நேரமும் அது அப்படியே சாய்ந்துதான் நிற்கும்.

கணக்குக்காக ஒரு சம்ப் எடுத்துக்கொள்வோம். நீளம் 35 செமீ, அகலம் 15 செமீ, ஆயில் 3.7 லிட்டர். நின்ற வண்டியில் ஆழம் 7 செமீ. ஓடும்போது ஒரு லிட்டருக்கு மேல் ஹெட்டிலும் கேலரியிலும் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழி) சுவரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மிச்சம் 2.6 லிட்டர், ஆழம் 5 செமீ. இது 45 டிகிரி சாய்ந்தால் முக்கோணமாகி, வெளிச்சுவரிலிருந்து 18.7 செமீ வரைதான் எட்டும். ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் வலை வைத்த வாய்) நட்ட நடுவில், 17.5 செமீயில் இருந்தால் அதன்மேல் நிற்பது 1.2 செமீ ஆயில். ஸ்ட்ரெய்னர் வாயே தரையிலிருந்து 8 மிமீ தூக்கி இருக்கும். சுழல் விழுந்து காற்றை இழுத்துவிடும். ஸ்ட்ரெய்னர் நடுவை விட்டு 5 செமீ உள்பக்கமாகத் தள்ளி இருந்தாலோ, அங்கே ஆயிலே கிடையாது. உங்கள் சம்ப் இப்படி நேர்ப்பெட்டியாக இருக்காது, சரிவும் பள்ளமும் இருக்கும் என்று யாராவது கிளம்புவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் நடப்பது இதுதான்.

வலது வளைவில் மட்டும் மின்னுவதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. ஆயில் இடது கோடிக்கு ஓடுகிறது, ஸ்ட்ரெய்னர் வலப்பக்கம் தள்ளி இருக்கலாம். கடிகார திசையில் ஓடுகிற டிராக்கில் வலது திருப்பம்தான் அதிகம். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிமீயும் 12 வளைவும் அப்படித்தான்.

அதே சம்ப்பில் அரை லிட்டர் கூட ஊற்றினால் நடுவில் 1.2 செமீ என்பது 2.8 ஆகிறது. செலவில்லாத மருந்து, முதலில் இதைச் செய்து பாருங்கள். அரை லிட்டரோடு நிறுத்த வேண்டும். மேலே போனால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாய்) வழியாக இன்டேக்குக்குள் ஆயில் போகும்.

5 லிட்டர் சம்ப்பில் தடுப்பு இல்லையென்றால், அதிகப்படி ஆயிலும் அதே மூலைக்குத்தான் ஓடப்போகிறது. கீழ்ப்பக்கம் ஆழம் கூட்டித்தான் பெரும்பாலும் கொள்ளளவைக் கூட்டுகிறார்கள். தாழ்த்திய வண்டியில் அது டிராக் ஓரத்துக் கெர்பில் அடி வாங்கும். வாங்குவதற்கு முன் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்ட்ரெய்னரைச் சுற்றிக் கதவு வைத்த அறை இல்லை என்றால் அது வெறும் அண்டா, 'ரேஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டினாலும் அண்டாதான்.

இருக்கிற சம்ப்பிலேயே அறை கட்டலாம். காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு, எந்த நல்ல வெல்டரும் செய்துவிடுவார். ஒட்டாவிட்டால் அலுமினியம். வருஷக்கணக்காக ஆயில் குடித்த வார்ப்பில் டிக் வெல்டிங் குமிழ் விடும். சம்ப் கியர்பாக்ஸோடு சேர்த்து முடுக்கப்பட்ட தாங்கு பாகமாக இருந்தால் அதை எடுத்துவிட்டுத் தகட்டு சம்ப் போடக்கூடாது.

ஸ்ட்ரெய்னருக்கு இரண்டு பக்கமும் ஏழரை செமீ தள்ளி 1.6 மிமீ தகட்டில் 8 செமீ உயரக் குறுக்குச் சுவர். ஒவ்வொன்றின் அடியிலும் 60க்கு 35 மிமீ அளவில் ஒரு கதவு, உள்பக்கம் மட்டும் திறக்க வேண்டும். வலது வளைவில் வலப்பக்க ஆயில் இடது பக்கம் பாயும்போது வலக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். அறைக்குள் இருக்கிற ஆயிலும் இடப்பக்கம்தான் சாய்கிறது, ஆனால் அந்த அழுத்தமே இடக் கதவைச் சாத்தி அதை வெளியே விடாது. வளைவு முடிந்து வண்டி மறுபக்கம் திரும்பும்போது இடது கோடியில் குவிந்த ஆயில் பாய்ந்து வரும், இடக் கதவு திறக்கும், வலக் கதவு சாத்திக்கொள்ளும். 15க்கு 15 அறையில் 8 செமீ உயரத்துக்கு 1.8 லிட்டர். பம்ப் செகண்டுக்கு அரை லிட்டர் இழுக்கிறது என்று வைத்தாலும், வெளியிலிருந்து சொட்டு வராமலேயே மூன்றரை செகண்ட் தாங்கும்.

மேலே மூடி அவசியம். மூடி இல்லாத சுவரை ஆயில் ஏறிக் குதித்துவிடும். ஸ்ட்ரெய்னர் குழாயைச் சுற்றி 5 மிமீ இடைவெளியும், மேலிருந்து வடியும் ஆயில் இறங்க 12 மிமீ துளை ஆறும் விடுங்கள். முழுக்க அடைத்துவிட்டால் ஆயில் மூடிமேல் தேங்கி நிற்கும், அறை காலியாகும். சுவரின் அடி மூலையில் 3 மிமீ வெட்டு இருந்தால்தான் டிரெயின் பண்ணும்போது பழைய ஆயில் முழுசாக இறங்கும்.

கதவின் கீல் பின்னை இரண்டு முனையிலும் அடித்து மடக்குங்கள், அலுமினிய ரிவெட் வேண்டாம். ஒரு பின் கழன்று ஸ்ட்ரெய்னர் வலைமேல் படுத்தால் செய்த வேலை அத்தனையும் வீண். கதவைத் தொங்கவிட்டு ஊதினால் ஆட வேண்டும்.

வெல்டிங் சூட்டில் விளிம்பு நெளியும். சம்ப்பைக் கழித்த பிளாக்கிலோ 10 மிமீ பிளேட்டிலோ போல்ட் போட்டு இறுக்கி, 2 செமீ தையலாக மாறி மாறி வைத்து, ஆறவிட்டுத் தொடர வேண்டும். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். வெளியே வெல்டிங் ஓரம் சுண்ணாம்பு பூசியிருந்தால் கசிகிற இடம் ஈரக்கோடாகத் தெரியும். போல்ட் ஓட்டைகள் பழைய முடுக்கலில் குழிந்திருக்கும், சுத்தியால் தட்டிச் சமமாக்குங்கள். பேக்கிங் பேஸ்டை மெல்லிய கோடாகப் போடுங்கள். பிதுங்கி உள்ளே விழுகிற பேஸ்ட் ஸ்ட்ரெய்னர் வலையில்தான் போய் ஒட்டும். மாட்டுமுன் ஸ்ட்ரெய்னர் வாயில் களிமண் உருண்டை வைத்து சம்ப்பை ஒருமுறை முடுக்கிக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண் 8 முதல் 10 மிமீ கனம் இருக்க வேண்டும்.

ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ ரிங்கை இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள். கெட்டியாகிப்போன ஓ ரிங் காற்றை இழுத்தாலும் இதே லைட்தான் மின்னும். சம்ப்மேல் பழி போடுகிற பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை.

20டபிள்யூ50 ஊற்று, லைட் அணைந்துவிடும் என்று கமென்டில் ஒருவர் கட்டாயம் வருவார். ஸ்ட்ரெய்னர் காற்றை இழுக்கும்போது ஆயில் கெட்டியாக இருந்து என்ன பிரயோஜனம்? இன்னொருவர் டிரை சம்ப் (ஆயிலைத் தனி டேங்கில் வைக்கும் முறை) என்பார். முழு ஸ்லிக் டயரும் அதற்கேற்ற பணமும் இருந்தால் தாராளமாக. அறை கட்டியும் சிவப்பு பல்பு எரிந்தால், இடையில் அக்குமுலேட்டர் இருக்கிறது. அழுத்தம் விழும்போது தன்னிடமுள்ள 2 லிட்டர் சொச்சத்தை கேலரிக்குள் தள்ளும் சிலிண்டர். இன்ஜினை அணைக்குமுன் அதன் வால்வை மூட வேண்டும், மறந்தால் அத்தனையும் சம்ப்பில் இறங்கிவிடும்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. இந்த வேலைக்கு மூன்று முறையாவது ஆயில் இறக்குவீர்கள். கழித்த ஆயிலை ஷெட்டுக்குப் பின்னால் சாக்கடையில் கவிழ்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. லட்சக்கணக்கில் டயர் வாங்குகிறவனுக்கு ஒரு கேன் வைத்துக் கழிவு ஆயில் எடுக்கிறவரிடம் கொடுக்க முடியவில்லை.

இதையெல்லாம் தொடங்குமுன் இப்போது மாட்டியிருக்கும் ஃபில்டரைக் கழற்றி வெட்டுங்கள். ரம்பம் போடாதீர்கள், தூள் விழும், டின் வெட்டுகிற கட்டரே போதும். காகித மடிப்பை வெட்டி எடுத்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு சாம்பல் நிறத் துகள் பழைய இன்ஜினில் இருக்கும். செம்பு நிறத்தில் மினுமினுப்பு தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடியில் உள்ள செம்புவரை தேய்ந்துவிட்டது. அப்படியானால் சம்ப்புக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து வையுங்கள், முதலில் கிராங்கைக் கீழே இறக்க வேண்டியிருக்கும்.