எந்த டெஸ்ட் போடணும் சார்?

வாசகர் கேள்வி - பதில்

குமரி மாவட்டத்திலிருந்து புள்ளியியல் பற்றி நிறைய கேள்விகள் வந்து சேர்ந்திருப்பதால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. புராஜெக்ட் முடிக்கும் காலம், மாணவர்களின் கடிதம்தான் அதிகம். தேனீ வளர்ப்பவர் ஒருவரும் எழுதியிருக்கிறார், அவருடைய கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனதால் அதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

நர்சிங் முதுகலை படிக்கிறேன். பிரஷர் இருக்கும் 60 பேருக்கு வகுப்பு எடுத்து, வகுப்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து மதிப்பெண் எடுத்திருக்கிறேன். ஆணா பெண்ணா, வயது, படிப்பு விவரமும் இருக்கிறது. டி-டெஸ்ட், கை ஸ்கொயர், அனோவா எல்லாம் சேர்ந்து தலை சுற்றுகிறது. ஒரு பெயரைச் சொல்லுங்கள் சார், போட்டுவிடுகிறேன்.
- வாசகி, தக்கலை

பெயர் வேண்டுமென்றால் ஜோடி டி-டெஸ்ட், அதாவது அதே ஆட்களின் இரண்டு சராசரிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்ப்பது. ஆனால் அதோடு உங்கள் வேலை முடியாது தங்கச்சி, ஏனென்றால் உங்கள் கையில் இருப்பது ஒரே கேள்வி இல்லை. நாலைந்து கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடப்பதால்தான் தலை சுற்றுகிறது. ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு கேள்வியையும் தனி வரியாக எழுதுங்கள், டெஸ்டின் பெயரே வராமல், உங்கள் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி. 'வகுப்புக்கு அப்புறம் மதிப்பெண் கூடியிருக்கிறதா?' இது ஒன்று. 'ஆண்களுக்குக் கூடியதும் பெண்களுக்குக் கூடியதும் வேறுபடுகிறதா?' இது இன்னொன்று. அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: அளந்தது எண்ணா அல்லது வகையா, எத்தனை குழுவை ஒப்பிடுகிறோம், அந்தக் குழுக்களில் இருப்பது அதே ஆட்களா வேறு ஆட்களா.

முதல் வரியில் மதிப்பெண் ஓர் எண், இரண்டு தடவை அளந்திருக்கிறீர்கள், அதே ஆட்கள். எனவே ஜோடி டி-டெஸ்ட். இரண்டாவதில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கூடியது என்பது எண், ஆனால் ஆண்கள் வேறு ஆட்கள், பெண்கள் வேறு ஆட்கள், அதனால் தனித்த இரு குழு டி-டெஸ்ட். அதிலும் வெல்ச் முறை என்று மென்பொருளில் இருக்கும், அதையே தேர்ந்தெடுங்கள், இரண்டு குழுவின் பரவலும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்குக் கிடையாது. படிப்பை நாலு பிரிவாக வைத்திருந்தால், இரண்டுக்கு மேற்பட்ட குழுக்களின் சராசரிகளை ஒன்றாக ஒப்பிடும் அனோவா. வயதும் கூடிய மதிப்பெண்ணும் என்றால் இரண்டுமே எண், அவை எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு. தினமும் மாத்திரை போடுகிறவர், போடாதவர் என்று பிரித்து அதை ஆண், பெண்ணோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டுமே வகை, அங்கேதான் கை ஸ்கொயர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மதிப்பெண்ணை 'குறைவு, நடுத்தரம், நன்று' என்று மூன்றாக வெட்டி, அப்புறம் எல்லாவற்றுக்கும் கை ஸ்கொயர் போடும் பழக்கம் நம் பக்கத்துப் புராஜெக்டுகளில் ரொம்ப இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 11 எடுத்தவரும் 19 எடுத்தவரும் ஒரே பெட்டியில் விழுந்துவிடுகிறார்கள், 19-ம் 20-ம் வேறு வேறு பெட்டிக்குப் போய்விடுகிறார்கள், நீங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்த தகவலில் பெரும் பங்கு அங்கேயே தொலைந்துவிடுகிறது.

வகுப்பு எடுக்காத ஒரு குழுவை நீங்கள் வைக்கவில்லை என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். ஒரே கேள்வித்தாளை இரண்டாவது தடவை பார்க்கும்போதே மதிப்பெண் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அது உங்கள் வகுப்பால் கூடியதா, கேள்வி பழகிப்போனதால் கூடியதா என்று பிரித்துச் சொல்ல எந்த டெஸ்டாலும் முடியாது.

இரண்டு பள்ளியில் சர்வே எடுத்தேன். ஒரு பள்ளியில் 60 சதவீதம் பேர் காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள், இன்னொன்றில் 40 சதவீதம். சதவீதத்தை வைத்து கை ஸ்கொயர் போட்டேன், வித்தியாசம் உண்டு என்று வந்தது. வைவாவில் தப்பு என்கிறார்கள். ஏன்?
- வாசகர், குழித்துறை

அவர்கள் சொன்னது சரி. 1900-இல் கார்ல் பியர்சன் கொடுத்த அந்தக் கணக்குக்குத் தலைகளின் எண்ணிக்கைதான் வேண்டும், சதவீதம் ஆகாது. உங்கள் சர்வேயில் பள்ளிக்கு 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டவர் ஒன்றில் 6, இன்னொன்றில் 4. கை ஸ்கொயர் மதிப்பு 0.8 வரும், பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு, வழக்கமாக 0.05-க்குக் கீழே இருந்தால்தான் 'வித்தியாசம் உண்டு' என்பார்கள்) 0.37 பக்கம், அதை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. அதே இடத்தில் 60, 40 என்று சதவீதத்தைப் போட்டால் மென்பொருள் உங்களிடம் பள்ளிக்கு 100 பேர் இருப்பதாக எடுத்துக்கொண்டு 8 என்று காட்டும், பி மதிப்பு 0.005-க்கு இறங்கிவிடும். கேட்காத 180 பிள்ளைகளைக் கேட்டதாகச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. எண்ணிக்கையைப் போட்டுத் திரும்பச் செய்யுங்கள். கட்டங்களில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை (வித்தியாசமே இல்லாவிட்டால் வர வேண்டியது, மென்பொருளே காட்டும்) 5-க்குக் கீழே வந்தால் ஃபிஷரின் துல்லியச் சோதனையைப் போடுங்கள், அதுவும் அதே மெனுவில்தான் இருக்கும்.

அருமனைப் பக்கம் தேனீ வளர்க்கிறேன். புது மாதிரிப் பெட்டியில் தேன் கூடுதல் என்கிறார்கள். வாங்கும் முன் பார்த்துவிடலாம் என்று, என் ரப்பர் தோட்டத்தில் பழைய பெட்டி 6, மச்சான் தோட்டத்தில் புதுப்பெட்டி 6 வைக்க நினைக்கிறேன். இத்தனை குறைந்த பெட்டியில் ஏதாவது தெரியுமா? கல்லூரியில் படிக்கும் மகள் டி-டெஸ்ட் போட்டுத் தருகிறேன் என்கிறாள்.
- வாசகர், அருமனை

அண்ணாச்சி, பெட்டியை வைக்கும் முன்னாலேயே கேட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. எல்லாம் முடிந்து தேன் எடுத்த பிறகு வருகிற கடிதங்களுக்குப் பல நேரம் ஆறுதல் மட்டும்தான் சொல்ல முடிகிறது.

உங்கள் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மச்சான் தோட்டத்தில் தேன் கூடுதலாகக் கிடைத்தால் அது பெட்டியாலா தோட்டத்தாலா? ரப்பர் தளிர்விடும் நேரத்தில் இலைக்காம்பில் ஊறுவதைத்தான் தேனீ எடுக்கிறது. மரத்தின் வயது, எந்த வாரம் தளிர்த்தது, வெயில், பக்கத்தில் வேறு என்ன பூத்திருக்கிறது, எல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆறு பெட்டி என்ன, அறுபது வைத்தாலும் இந்தச் சிக்கல் தீராது, ஏனென்றால் உண்மையில் நீங்கள் ஒப்பிடுவது இரண்டே தோட்டங்களை.

இப்படிச் செய்யுங்கள். இரண்டு தோட்டத்திலும் சேர்த்து ஆறு இடம் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பழைய பெட்டி, ஒரு புதுப்பெட்டி, பக்கத்துப் பக்கத்தில். ஒவ்வொரு ஜோடிக்கும் ஈ நிறைந்த சட்டங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் இரண்டு கூட்டங்களைப் பிடித்து, எந்தக் கூட்டம் எந்தப் பெட்டிக்கு என்பதைக் காசு சுண்டித் தீர்மானியுங்கள். பலமான கூட்டத்தைப் புதுப்பெட்டியில் போடலாமே என்று மனசு சொல்லும், அதற்குத்தான் காசு.

இப்போது கணக்கு. கற்பனைக்கு ஆறு இடத்திலும் பழைய பெட்டியில் 4, 7, 10, 5, 12, 8 கிலோ, அதே வரிசையில் புதுப்பெட்டியில் 5, 8, 12, 6, 13, 9 கிலோ என்று வைப்போம். மகள் இதைத் தனித்தனிக் குழு என்று போட்டால் டி மதிப்பு (சராசரி வித்தியாசம் அதன் தற்செயல் ஆட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 0.65, பி மதிப்பு 0.5-க்கும் மேல், புதுப்பெட்டியில் ஒன்றும் தெரியவில்லை என்று வரும். ஜோடியாகப் போட்டால் டி மதிப்பு 7, பி மதிப்பு 0.001-க்கும் கீழே. அதே பன்னிரண்டு எண்கள்தான்! தனித்தனியாகப் பார்க்கும்போது 4 கிலோ இடத்துக்கும் 12 கிலோ இடத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு, பெட்டியால் வந்த ஒரு கிலோவை மூடிவிடுகிறது. ஜோடியாகப் பார்க்கும்போது இடத்தின் வேறுபாடு கழிந்துபோய் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு கூடியது என்பது மட்டும் மிஞ்சுகிறது, அது 1, 1, 2, 1, 1, 1.

குறைந்த எண்ணிக்கை பற்றிக் கேட்டீர்கள். டி-டெஸ்ட் பிறந்ததே இந்தக் கவலையில்தான். டப்ளினில் கின்னஸ் மதுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்டுக்குக் கையில் கிடைத்த அளவீடுகள் எப்போதும் கொஞ்சம்தான், பெரிய மாதிரிக்கான பழைய சூத்திரங்கள் அதற்கு ஒத்துவரவில்லை. 1908-இல் அவர் அதற்குத் தீர்வு எழுதினார், சொந்தப் பெயரில் வெளியிட நிறுவனம் விடாததால் 'ஸ்டூடண்ட்' என்று போட்டுக்கொண்டார், இன்றும் ஸ்டூடண்ட் டி-டெஸ்ட் என்றுதான் சொல்கிறோம். ஆக ஆறு ஜோடி போதாது என்று இல்லை, வித்தியாசம் சீராக இருந்தால் தெரியும். ஆனால் ஐந்துக்கு இறக்காதீர்கள். எண்களின் பரவல் டி-டெஸ்டுக்குச் சரியில்லை என்று, வித்தியாசங்களின் வரிசையை மட்டும் பார்க்கும் வில்காக்ஸன் சோதனைக்குப் போக வேண்டி வந்தால், ஐந்து ஜோடியும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் பி மதிப்பு 0.0625-க்குக் கீழே இறங்கவே இறங்காது.

ஒரு பெட்டியில் ஈ ஓடிப்போனால் அதைக் கணக்கிலிருந்து தூக்கிவிடாதீர்கள். புதுப்பெட்டி பிடிக்காமல்தான் ஓடியது என்றால், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமே அதுதானே.

பி மதிப்பு 0.06 வந்தது. வேறு டெஸ்ட் போட்டுப் பார், 0.05-க்குக் கீழே வந்துவிடும் என்கிறார்கள். போடலாமா?
- ஆய்வு மாணவர், நாகர்கோவில்

வேண்டாம் மக்கா. டெஸ்டைத் தரவு பார்க்கும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும், விடை பிடிக்கவில்லை என்று மாற்றினால் அந்த 0.05-க்கு அர்த்தமே போய்விடும். உண்மையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் தனித்தனியாக 20 சோதனை போட்டால் ஒன்றாவது 0.05-க்குக் கீழே விழும் வாய்ப்பு 64 சதவீதம். தேடிக்கொண்டே இருந்தால் கிடைக்கத்தான் செய்யும்.

0.05 வானத்திலிருந்து இறங்கிய கோடும் இல்லை. 1925-இல் ரொனால்ட் ஃபிஷர் தன் புத்தகத்தில் வசதியான எல்லை என்று எழுதியது பழக்கமாகி நின்றுவிட்டது. வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால் இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு, அதுதான் பி மதிப்பு. உங்கள் கருதுகோள் பொய்யாக இருக்கும் வாய்ப்பு என்று அதைப் படிக்கக் கூடாது, 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கமும் இதை அறிக்கையாகவே வெளியிட்டது. நீங்கள் 0.06 என்று அப்படியே எழுதி, வித்தியாசம் எவ்வளவு, அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) எது என்று சேர்த்துக் கொடுங்கள். அந்த இடைவெளி அகலமாக இருந்தால் சாம்பிள் போதவில்லை என்று தைரியமாக எழுதலாம், அது நேர்மையான முடிவு.

நெல் ரகம் மூன்றை கன்னிப்பூப் பருவத்தில் போட்டு மகசூல் எடுத்தோம். இரண்டிரண்டாக மூன்று டி-டெஸ்ட் போடலாம் அல்லவா?
- வேளாண் மாணவி, பூதப்பாண்டி

போட்டால் தவறாக 'வித்தியாசம் உண்டு' என்று சொல்லும் அபாயம் 5 சதவீதத்தில் நிற்காது, 12 சதவீதம் பக்கம் போய்விடும். முதலில் அனோவா, அப்புறம் எந்த ரகம் எதிலிருந்து வேறுபடுகிறது என்று பார்க்க டூக்கி முறை. ஒவ்வொரு வயலிலும் மூன்று ரகத்தையும் போட்டிருந்தால் வயலையும் ஒரு காரணியாகச் சேர்க்க மறக்காதீர்கள், வரப்பு தாண்டினாலே மண் மாறும்.

எனக்குக் கணக்கு வராது, பி.ஏ. படித்தவள். இப்போது வேலைக்காகப் புள்ளியியல் தேவைப்படுகிறது. எங்கிருந்து தொடங்க?
- வாசகி, குளச்சல்

சூத்திரத்திலிருந்து தொடங்காதீர்கள், படம் போடுவதிலிருந்து தொடங்குங்கள். பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் 1973-இல் நான்கு சின்னத் தரவுத் தொகுப்புகளைக் கொடுத்தார். நான்கிலும் சராசரி ஒன்று, பரவல் ஏறக்குறைய ஒன்று, ஒட்டுறவுக் கெழுவும் 0.816. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, மற்ற இரண்டில் ஒரே ஒரு புள்ளி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும், ஒரு மாலை உட்கார்ந்து நான்கையும் கையாலேயே வரையுங்கள்.

பாடத்துக்கு, தமிழ்நாட்டு பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் புத்தகங்கள் தமிழிலேயே இருக்கின்றன. சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் வரைக்கும் அதுவே போதும். மென்பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம், ஜமோவி இலவசம், மெனுவில் தட்டினால் போதும். பிறகு ஆசை வந்தால் 'ஆர்' என்ற நிரல்மொழி பழகலாம், அதுவும் இலவசம்.

பி மதிப்பு என்ற இடத்தில்தான் எல்லாரும் நிற்கிறார்கள், அதைக் கையால் செய்து பார்த்துவிடுங்கள். மேலே அருமனை வாசகருக்குச் சொன்ன ஆறு இடங்களிலும் புதுப்பெட்டியே ஜெயித்தது. இரண்டு பெட்டிக்கும் வித்தியாசமே இல்லை என்றால் ஒவ்வோர் இடத்திலும் எது ஜெயிக்கும் என்பது காசு சுண்டுவது மாதிரிதான். ஆறு காசை ஒன்றாகச் சுண்டுங்கள், ஆறும் ஒரே பக்கம் விழுகிறதா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மொத்தம் 64 விதமாக விழலாம், அதில் ஆறும் தலை ஒன்று, ஆறும் பூ ஒன்று, ஆக 64-க்கு 2, அதாவது 0.03. நீங்கள் இப்போது கணக்கிட்டது ஒரு முழுமையான பி மதிப்பு, இந்தச் சோதனைக்குக் குறிச் சோதனை என்று பெயர். இதைச் செய்துவிட்டு, உங்கள் வேலையில் வரும் தரவு எப்படி இருக்கும் என்று எழுதி அனுப்புங்கள், அடுத்து எந்தப் பாடத்துக்குப் போகலாம் என்று சொல்கிறேன்.