காய்ச்சல் வந்தா முதல்ல கலண்டருக்குப் போங்கோ: திருகோணமலைக் கேள்வி பதில்

வருத்தம் வந்த பிறகு கேக்காம வர முந்திக் கேளுங்கோ எண்டு போன கிழமை வாய் குடுத்தது பிழையாப் போச்சு, கேள்வி வந்து குவிஞ்சு கிடக்கு. நான் டாக்குத்தர் இல்ல, இந்த மாவட்டத்துக்குள்ளயே இடம் மாறி மாறி வேலை செய்து பென்ஷன் எடுத்த ஒரு பி.எச்.ஐ., அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அவ்வளவுதான். குளிசை பேர் கேட்டாக்களுக்குப் பதில் இல்ல, நீங்க கிளினிக்குக்குப் போங்கோ. மிச்சத்தில ஏலுமானதுக்கு எழுதுறன்.

"ஐயா, எங்கட வளவில ஒரு சிரட்டை கூட இல்ல, கண்ணாடி மாதிரி வைச்சிருக்கிறம். அப்பிடியிருந்தும் வந்த பி.எச்.ஐ. தம்பி நுளம்புக் குடம்பி இருக்கெண்டு நோட்டீஸ் தந்திட்டுப் போறார். இது நியாயமோ?" (உப்புவெளி அக்கா)

கோவிக்காதேங்கோ அக்கா, தம்பி சொன்னது சரியாத்தான் இருக்கும். டெங்கு நுளம்பு ஊத்தைத் தண்ணியில முட்டை போடுற ஆளில்ல, உங்கள மாதிரித் துப்பரவான ஆக்களின்ர வீட்டுத் தண்ணிதான் அதுக்கு விருப்பம். என்ர கதையைச் சொல்லுறன், சிரிக்காதேங்கோ. ஊர் முழுக்க வீடு வீடாப் போய் டோர்ச் அடிச்சுப் பாத்த எனக்கு என்ர வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால அடியில ஒரு தட்டு இருக்கெண்டதே ஞாபகம் இல்ல. ஒருநாள் அது பழுதாப் போய் திருத்த வந்த பெடியன் தட்டை இழுத்து எடுத்து "ஐயா இதென்ன?" எண்டு கேட்டான். பாத்தா விரல் கணுவளவு தண்ணி, அதுக்குள்ள தலை கீழாத் தொங்கிக்கொண்டு நாலைஞ்சு குடம்பி, ஆள் நிழல் பட்டதும் நெளிஞ்சு நெளிஞ்சு அடிக்கு ஓடுது. அந்தப் பெடியன்ர முகத்தை எனக்கு இண்டைக்கும் மறக்கேலாது.

அதால வளவைக் கூட்டினது காணாது. ஃபிரிட்ஜ் தட்டு, எறும்பு ஏறாமக் கறிச்சட்டி அலுமாரிக் காலுக்கு வைக்கிற தண்ணிக் கிண்ணம், மணிபிளாண்ட் போத்தில், இலை அடைச்ச பீலி, பாவிக்காத கக்கூசுக் குழி, இதெல்லாம் பாருங்கோ. எங்கட டவுனில இன்னொண்டு இருக்கு, மானுக்கு எண்டு கேற்றடியில வைக்கிற தண்ணி வாளி. புண்ணியம்தான், வையுங்கோ, ஆனா நாலு நாளைக்கு ஒருக்கா கவிட்டு ஊத்துங்கோ. வாடைக்காலத்தில கரையில ஏத்தி விட்டுக் கிடக்கிற வள்ளங்களுக்குள்ளயும் மழைத்தண்ணி நிக்கும், அதை ஆரும் தங்கட வீட்டுக் கணக்கில சேக்கிறேல்ல.

அதோட தண்ணிய ஊத்தினாப் போல வேலை முடியாது. முட்டை தண்ணிக்குள்ள இல்ல, தண்ணி மட்டத்துக்கு மேல சுவரில ஒட்டிக்கொண்டு இருக்கும். மாசக்கணக்காக் காஞ்சாலும் சாகாது, ஐப்பசி மழை ஒருக்கா நனைக்கப் பொரிச்சிடும். அதுதான் பிரஷால தேய்ச்சுக் கழுவச் சொல்லுறது. முட்டையில இருந்து பறக்கிற நுளம்பாக 7 தொடக்கம் 10 நாள் எடுக்கும், அப்ப கிழமைக்கு ஒருக்கா தேய்ச்சா அது பறக்க முந்தி நீங்க முந்திடலாம். சுவர்க் கலண்டரில தேய்க்கிற நாளை அடையாளம் போட்டு வையுங்கோ, ஞாபகத்தை நம்பாதேங்கோ. 2017 இல இலங்கை முழுக்க 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல டெங்கு எண்டு பதிவானது, எங்கட மாவட்டத்தில கிண்ணியாப் பக்கம் பட்ட பாடு தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும். மூடேலாத கிணறு, பெரிய தொட்டி எண்டா கப்பி மீன் விடுங்கோ, அது தின்னும்.

"மகனுக்குக் காய்ச்சல் எண்டு அண்டைக்கே இரத்தம் சோதிச்சம், எல்லாம் நோர்மல் எண்டாங்க. பேந்து நாலாம் நாள் டெங்கு எண்டு வார்ட்டில போட்டாங்க. லேப்காரர் பிழை விட்டவங்களோ அண்ணை?" (அனுராதபுரச் சந்தி)

பிழை விட்டிருக்க மாட்டினம் தம்பி, நீங்கதான் கெதியாப் போயிட்டியள். முதல் நாள் பிளேட்லெட், அதுதான் இரத்தத்தை உறைய வைக்கிற அணு, எல்லாம் நல்லாத்தான் காட்டும், அதைப் பாத்திட்டு சனம் நிம்மதியாப் படுக்கிறதுதான் வில்லங்கம். காய்ச்சல் வந்த நேரத்தைக் கலண்டரில எழுதுங்கோ, "வியாழன் இரவு 9 மணி" எண்டு நேரத்தோட. ஆசுபத்திரியில டாக்குத்தர் கேக்கிற முதல் கேள்வி அதுதான், அங்க போய் அம்மா ஒண்டு சொல்ல அப்பா வேறொண்டு சொல்லிச் சண்டை பிடிக்கிறதை நான் எத்தினை தரம் பாத்திட்டன். மூண்டாம் நாளுக்குள்ள டாக்குத்தரிட்டக் காட்டி எஃப்.பி.சி. எண்ட இரத்தச் சோதனை எடுக்க வேணும். கர்ப்பிணி, கைக்குழந்தை, வேற வருத்தம் உள்ள ஆக்கள் எண்டா நாள் பாக்காம முதல் நாளே போங்கோ.

கனபேர் ஏமாறுற இடம் என்னெண்டா, காய்ச்சல் விட்டிட்டுது எண்டு சந்தோசப்பட்டு பள்ளிக்கூடம் அனுப்புறது. டெங்கில பயப்பட வேண்டிய நேரமே காய்ச்சல் இறங்கேக்கதான், இரத்தக் குழாயில இருந்து நீர் கசியிறது அப்பதான். வயித்துக்குள்ள நோகுது, விடாமச் சத்தி, கை கால் குளிருது, பல் முரசில இரத்தம், ஆறு மணித்தியாலமா ஒண்டுக்குப் போகேல்ல, ஆள் சோர்ந்து கிடக்கு, இதில ஒண்டு கண்டாலும் 1990 க்கு அடியுங்கோ, அந்த அம்புலன்சுக்குக் காசில்ல.

பனடோல் மட்டும்தான். வளந்த ஆளுக்கு ஒரு நேரம் 2, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளுக்கு 8 க்கு மேல இல்ல, பிள்ளையளுக்கு நிறையைப் பாத்துத்தான். ஒல்லியான ஆக்களும் ஈரல் வருத்தம் உள்ள ஆக்களும் டாக்குத்தரிட்டக் கேட்டுப் போடுங்கோ, அவைக்கு அளவு குறையும். புரூஃபன், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் தொடவே வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டும். இதய வருத்தத்துக்கு அஸ்பிரின் போடுறவை மட்டும் தாங்களா நிப்பாட்டாம டாக்குத்தரைக் கேக்க வேணும். வெறும் தண்ணியாக் குடுக்காமக் கஞ்சி, ஜீவனி எண்ட உப்புச்சீனிக் கரைசல், இளநீர் குடுங்கோ. சிவப்பு, மண்ணிறச் சோடா குடுக்காதேங்கோ, சத்தி எடுத்தா இரத்தமோ சோடாவோ எண்டு தெரியாமத் திண்டாடுவியள். பப்பா இலைச் சாறு பற்றி ஒம்பது பேர் கேட்டிருக்கிறியள். அதை நம்பி ஆசுபத்திரிக்குப் போறதைப் பிந்தாதேங்கோ, அதுக்கு மேல எனக்குச் சண்டை பிடிக்க வயசில்ல.

"சூரை மீன் குழம்பு சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில மூஞ்சி எல்லாம் சிவந்து தலையிடி, மேலெல்லாம் கடி. முந்தி எத்தினையோ தரம் சாப்பிட்டனான். இப்ப அலர்ஜி வந்திட்டுதோ?"

அலர்ஜி இல்லாமலும் இருக்கலாம், மீன் வெயில்ல நிண்டிருக்கும். சூரை, கெளவல்லா மாதிரி மீன்கள ஐஸ் இல்லாம வைச்சா கிருமி பெருகி ஹிஸ்டமின் எண்ட சாமான் உண்டாகும், அது உடம்புக்குள்ள போனா அலர்ஜி மாதிரியே காட்டும். பொல்லாத விசயம் என்னெண்டா ஒருக்கா உண்டானா எவ்வளவு கொதிக்க வைச்சாலும் போகாது, பிறகு ஃபிரீசருக்குள்ள வைச்சும் பிரயோசனமில்ல. கொறுக்காய் போட்டா மேற்கொண்டு உண்டாகிறது குறையும், ஆனா இருக்கிறதை அழிக்காது. வாயில வைக்கேக்க மிளகு கடிச்ச மாதிரி நாக்குச் சுரீர் எண்டா அப்பவே துப்பிப் போடுங்கோ.

கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடியில பத்து மணிக்குப் பிறகு சைக்கிள் பெட்டியில வாற மீனை நான் வாங்க மாட்டன், ஐஸுக்குள்ள கிடந்தாச் சரி. செவுளைத் தூக்கிப் பாருங்கோ, விரலால அமத்தினாப் பள்ளம் விழுந்து நிக்குதோ பாருங்கோ, மீன்காரர் பேசினாப் பேசட்டும். ஆனா ஹிஸ்டமின் உள்ள மீன் பாக்க நல்லாவும் இருக்கும், அதால எத்தினை மணிக்குப் பிடிச்சது, ஐஸ் போட்டதோ எண்டு வாய் விட்டுக் கேளுங்கோ. மூச்சு இழுத்தா யோசிக்காம ஆசுபத்திரி. ஒரே மீனுக்குத் திரும்பத் திரும்ப வந்தா அலர்ஜியோ எண்டு காட்டத்தான் வேணும்.

"எனக்குச் சீனி வருத்தம், நடக்கச் சொல்லுறாங்க. நடந்தா முழங்கால் நோகுது, வீட்டில இருந்தா சீனி ஏறுது. என்ன செய்ய?" (கிண்ணியா, 54 வயசு)

கிழமைக்கு 150 நிமிசம் எண்டுறது கணக்கு, அதை ஒரே நாளில நடக்கச் சொல்லி ஆரும் சொல்லேல்ல. 10 நிமிசத்தில தொடங்குங்கோ. உங்களுக்குப் பக்கத்திலயே அளந்து வைச்ச பாதை கிடக்கு, கிண்ணியாப் பாலம் 396 மீட்டர், போய்த் திரும்பினா கிட்டத்தட்ட 800. முதல் கிழமை ஒரு தரம், நோ இல்லையெண்டா ரெண்டு தரம். கொஞ்சம் எட்டி வைச்சு நாலு தரம் போய் வந்தா அரை மணித்தியாலத்துக்கு மேல ஆகிடும். காலமை வெயிலேற முந்திப் போங்கோ, ரப்பர் சிலிப்பரோட வேண்டாம், முழங்கால் நோவுக்குப் பாதி காரணம் அந்தச் சிலிப்பராவும் இருக்கலாம். குளிசை, இன்சுலின் எடுக்கிற ஆள் எண்டா பொக்கெட்டில ரெண்டு டொபி இருக்கட்டும், சீனி இறங்கி நடுங்கி வேர்த்தா உடன வாயில போட.

இன்னொண்டு, இது சீனி வருத்தக்காரர் எல்லாருக்கும். கோணேசர் கோயிலுக்கு மத்தியானம் போய் வெறுங்காலோட சுட்ட கல்லில நடக்காதேங்கோ. உங்களுக்கு கால் மரத்துப் போயிருக்கும், சுடுறது தெரியாது, வீட்ட வந்து பாத்தா உள்ளங்காலில கொப்பளம், பேந்து அது புண்ணாகி மாசக்கணக்கா ஆறாது. விடியப் பூசைக்குப் போங்கோ, கோணேசர் எங்கயும் போக மாட்டார். இரவு படுக்க முந்திக் காலைத் திருப்பிப் பாக்கிறது பழக்கமாகட்டும், குனிய ஏலாட்டி முகக்கண்ணாடிய நிலத்தில வைச்சுப் பாருங்கோ.

"போற வீடெல்லாம் சீனி போட்ட டீ தந்து, குடிக்காட்டிக் கோவிக்கினம் ஐயா!"

டீ வந்த பிறகு வேண்டாம் எண்டாத்தான் கோவம். படியேறேக்கயே "அக்கா எனக்கு வெறும் பிளேன்டீ, சீனி வேண்டாம், ஒரு துண்டு இஞ்சி இருந்தாப் போடுங்கோ" எண்டு ஓடர் குடுங்கோ. கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆளில எங்கட சனத்துக்குப் பாசம் கூடும். கலியாண வீட்டுப் பலகாரத்துக்கு எனக்கும் வழி தெரியேல்ல.

"கன்னியா வெந்நீர்க் கிணத்தில குளிச்சா மூட்டு வாதம் மாறுமோ?"

ஏழு கிணறும் ஏழு சூடு, குளிச்சா உடம்புக்குச் சுகமா இருக்கும், விறைப்புக் கொஞ்ச நேரம் குறையும். மாறாது. போட்டுக்கொண்டிருக்கிற மருந்தை அங்க விட்டிட்டு வராதேங்கோ.

"தம்பலகாமத்தில வயல். எலிக்காய்ச்சல் குளிசை தாறாங்க, அது போட்டா வயித்தெரிவு எண்டு அப்பா எறியிறார்."

வெறும் வயித்தில போட்டிருப்பார். சாப்பிட்டிட்டு, ஒரு கிளாஸ் நிறையத் தண்ணியோட போட்டு, போட்ட கையோட சரியாம இருக்கச் சொல்லுங்கோ. வயலுக்குள்ள இறங்க முந்தியே தொடங்கிக் கிழமைக்கு ஒருக்கா, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிசில இலவசம். கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளையளுக்கும் தாங்களாக் குடுக்கப் படாது. எலி மூத்திரம் கலந்த தண்ணி கால் வெடிப்புக்குள்ளால போறதுதான் வழி, அதால காயம் இருந்தா மூடிக் கட்டிட்டு இறங்க வேணும். காய்ச்சலோட கெண்டைக்கால் நொந்து கண் சிவந்தா, "நான் வயல்காரன்" எண்டு டாக்குத்தரிட்ட வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கோ, சொல்லாட்டி அவருக்கு எப்பிடித் தெரியும்.

"மச்சாள் சீட்டுப் பிடிக்கிறா. ரெண்டு மாசமாக் காசு வரேல்ல. கேட்டா முகம் மாறுது, கேக்காட்டி என்ர மனுசன் பேசுறார். உங்களிட்டக் கேக்கிற கேள்வி இல்லத்தான்..."

ஏன் இல்ல, பிரசர் ஏறுறதில பாதி இதாலதான். மச்சாளத் தனியச் சந்தியுங்கோ, கோயிலடியிலயோ செத்த வீட்டிலயோ நாலு பேருக்கு முன்னால கேக்காதேங்கோ. "எப்ப தருவியள்" எண்டு கேட்டா "தாறன்" எண்டுதான் பதில் வரும். "15 ஆம் திகதி பாதி, அடுத்த மாசம் பாதி, சரியோ?" எண்டு கேளுங்கோ. ஓமெண்டா அவவின்ர முன்னுக்கே ஒரு கொப்பியில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ. 13 ஆம் திகதி ஒருக்கா ஞாபகப்படுத்துங்கோ, திகதிக்குப் பிறகு கேக்கிறதைவிட முந்திக் கேக்கிறதுக்குக் கோவம் குறைவு. இனிச் சேருறதெண்டா போனாலும் உறவு முறியாத அளவு காசுதான்.

இது நான் பட்டுத் தெளிஞ்சது. பக்கத்து வீட்டுக்கு வாட்டர் பம்ப் இரவல் குடுத்து, எப்ப வேணும் எண்டு சொல்லாம விட்டு, பேந்து அது எரிஞ்சு போய் வந்து, நாலு வருசம் அந்த வேலிக்கு இங்கால நானும் அங்கால அவரும் முகம் பாக்காமத் திரிஞ்சனாங்க. பம்பின்ர விலை இப்ப எனக்கு ஞாபகம் கூட இல்ல.

"லீவுக்குப் பிள்ளையளோட நிலாவெளி வாறம், கடல் பயமோ?"

சித்திரையில இருந்து புரட்டாதி மட்டும் பெரும்பாலும் அமைதி, மழை தொடங்கினாக் கரைக்கு மட்டும் வாங்கோ. அலை உடையாம நடுவில மட்டும் அமைதியாத் தெரியிற இடம்தான் வெளிய இழுக்கிற இடம், சனம் அங்கதான் பாத்து இறங்கும். இழுத்தாக் கரைய நோக்கி அடிபடாதேங்கோ, கரையோட பக்கவாட்டில நீந்தி விலகுங்கோ, ஏலாட்டி மிதந்துகொண்டு கையைத் தூக்குங்கோ. பிள்ளையளப் பாக்கிறதுக்கெண்டு போன் இல்லாம ஒராள் கரையில நிக்க வேணும். குடிச்ச ஆள் இறங்கவே படாது.

"எல்லாத்துக்கும் கலண்டர் கலண்டர் எண்டுறியள், போனில அலாரம் வைச்சாப் போதாதோ தாத்தா?"

வை பிள்ளை. ஆனா உன்ர போன் உன்னோட ரியூசனுக்குப் போயிடும், வீட்டில காய்ச்சலோட கிடக்கிற தம்பிக்கு எத்தினையாம் நாள் எண்டு அம்மம்மா எதைப் பாக்கிறது? சுவரில எழுதிக் கிடந்தா ஆரும் வாசிக்கலாம். சரி, மிச்சம் வாற ஞாயிறு. எங்கட டாங்கி தேய்க்கக் குறிச்ச நாள் முந்தநாளே முடிஞ்சுதெண்டு மனுசி கலண்டரடியில பிரஷோட நிக்கிறா.