உளுந்தஞ்சோறும் வாறுகாலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பதினெட்டு வருடம் சென்னையில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு விரிவாக்கப் பகுதியில் வீடு கட்டிக் குடிவந்தோம். சொதி, கூட்டாஞ்சோறு, ராத்திரி புரோட்டா என்று நீங்கள் எழுதியதை வைத்துத்தான் ஒவ்வொரு கடையாகப் போய்ச் சாப்பிட்டுப் பழகினேன். எங்கள் தெருமுனையிலேயே ஒரு புரோட்டாக் கடை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது அங்கேதான். சால்னா அவ்வளவு நன்றாக இருக்கும்.

பிரச்சனை என்னவென்றால் கடையின் கழுவுதண்ணீர் முழுக்கத் தெருவோரச் சாக்கடையான வாறுகாலில்தான் விழுகிறது. வாறுகால் அடைத்துக்கொண்டு நாலைந்து வீட்டு வாசலில் கறுப்பாகத் தேங்கி நிற்கிறது. கொசு, நாற்றம். தெரு வாட்ஸப் குழுவில் தினமும் இதே பேச்சு. கடையை மூடச் சொல்லி மனு எழுதி ஒருவர் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார். எனக்குப் போடவும் மனசு வரவில்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை. சாப்பாட்டைப் பற்றி எழுதுகிற நீங்கள் சமீபமாக வார்டு மக்கள் கூடுகிற ஏரியா சபா, சாலை மட்டம் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். ஊர் விவகாரம் நமக்கு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். அதையும் கேட்டுவிடுகிறேன். இன்னொன்று, கடைக்காரரிடம் இதைச் சொன்ன பிறகு அதே கடையில் போய் உட்கார்ந்து சாப்பிட முடியுமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

அந்த மனுவில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வாறுகால் ஏன் அடைக்கிறது என்று உங்கள் தெருவில் யாரும் இன்னும் குனிந்து பார்க்கவில்லை என்றுதான் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. கடைதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அதில் பாதி உண்மை இருக்கும். மீதிப் பாதி என்னவாக இருக்கலாம் என்பதை எங்கள் தெருவில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஐந்து மேசை போட்ட ஒரு மெஸ் இருக்கிறது. கணவன் மனைவி, உதவிக்கு இரண்டு பேர். சனிக்கிழமை மதியம் அங்கே உளுந்தஞ்சோறு கிடைக்கும். தொலி உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வருகிறவரைக்கும் வறுத்து, அரிசி, முழுப் பூண்டு, வெந்தயம், கைநிறையத் தேங்காய்த் துருவல் எல்லாம் சேர்த்துக் குழைய வேகவிடுவார்கள். இலையில் விழும்போது கறுப்புத் தொலி அங்கங்கே ஒட்டிக்கொண்டு ஆவி பறக்கும், நடுவில் கரண்டியால் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றுவார் அந்த அம்மா, பக்கத்தில் எள்ளுத் துவையல், ஒரு அப்பளம், அவ்வளவுதான். வயசுக்கு வந்த பிள்ளைக்கும் இடுப்பு வலிக்கிறது என்கிறவர்களுக்கும் நம் வீடுகளில் செய்துபோடுகிற சோறு இது. கடையில் போட்டுப் பெரிதாகக் காசு பார்க்க முடியாது. இருந்தும் அவர்கள் வாராவாரம் போடுகிறார்கள்.

2023 ஆடியில் எங்கள் வாறுகால் அடைத்தது. உங்கள் தெருவில் இப்போது பேசுகிறதையேதான் எங்கள் தெருவிலும் பேசினார்கள். மனுவை எழுதியதே நான்தான், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் தந்தார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு அதிகாரி வந்தார், வாறுகாலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் கடைக்குள் போய்ச் சத்தம் போட்டுவிட்டுப் போனார். மெஸ் நாலு நாள் பூட்டிக் கிடந்தது. நாலு நாளும் வாறுகாலில் தண்ணீர் அப்படியேதான் நின்றது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம் டிசம்பர் 17, 18. அந்த வெள்ளத்தின்போது நீங்கள் சென்னையில் இருந்திருப்பீர்கள், செய்தியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசையே தண்ணீர் சூழ்ந்தது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரண்ட் இல்லை, பால் இல்லை. மெஸ்காரர் இருந்த சிலிண்டரை வைத்து எலுமிச்சம்பழச் சோறு கிண்டி, பெரிய போணியில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தார். என் வீட்டுக்கும் வந்தார். மனுவை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியும். தட்டை நீட்டும்போது என் கை கூசியது, இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மழை விட்டு மற்ற தெருக்களில் தண்ணீர் வடிந்த பிறகும் எங்கள் முனையில் ஏழு வீட்டு வாசலில் மட்டும் ஒன்பது நாள் நின்றது. அப்போதுதான் குனிந்து பார்த்தோம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டு, அதற்கு மேல் இன்னொன்று போட்டு, ரோடு உயர்ந்து, தெரு முனையில் வாறுகால் கடந்துபோகிற குழாயின் வாய் பாதிக்கு மேல் புதைந்து கிடந்தது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவுறுத்தியிருக்கிறது. எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் செய்யவில்லை.

சரி, கடைமேல் தப்பே இல்லையா என்றால், இருந்தது. தூய்மைப் பணியாளர்கள் சிலாப்பைத் தூக்கியபோது நானும் மெஸ்காரரும் பக்கத்தில்தான் நின்றோம். மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்த மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு சாண் கனத்துக்குக் கொழுப்பு, அதில் சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, தேங்காய்ச் சக்கை, சாம்பார் கட்டின பிளாஸ்டிக் கவர் எல்லாம் செருகிக் கிடந்தது. கம்பியால் குத்தினால் கம்பி உள்ளே இறங்கவில்லை. அதைக் கையால் அள்ளிப் போட்ட அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. மெஸ்காரர் முகம் செத்துப்போய்விட்டது. "இது என் கடையிலிருந்து வந்ததா அண்ணாச்சி" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது தம்பி, சிங்க்கில் ஊற்றினால் போய்விடுகிறது என்றுதான் நம்மைப் போல அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதனால் முதலில் ஒன்று செய்யுங்கள். கடை திறக்காத காலை நேரத்தில் வாறுகாலின் மேல்பக்கத்தில் நாலைந்து வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அங்கேயே நின்றால் சிலாப்பைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், உள்ளே கொழுப்பா, மண்ணா, இல்லை மட்டமே தப்பா என்று தெரிந்துவிடும். கொழுப்பு கடைக்காரர் வேலை, மட்டம் ஊராட்சியோ மாநகராட்சியோ செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

கடைக்காரர் வேலை ஒன்றும் மலை இல்லை. எங்கள் மெஸ்ஸில் கழுவுகிற இடத்துக்கும் வாறுகாலுக்கும் நடுவில் ஒரு சின்ன சிமெண்ட் தொட்டி கட்டினோம், கிரீஸ் டிராப் என்பார்கள். தண்ணீர் உள்ளே வந்ததும் வேகம் குறையும், எண்ணெய் மேலே மிதக்கும், பருக்கையும் சக்கையும் அடியில் தங்கும், வெளியே போகிற குழாயின் வாயை எல்போ போட்டுக் கீழ்நோக்கி வைத்திருப்பதால் எண்ணெய்க்கு அடியில் இருக்கிற தண்ணீர் மட்டும் போகும். முன்னால் ஒரு சல்லடை. வாரத்தில் இரண்டு நாள் மேலே படிந்ததை வழித்து எடுத்துவிட வேண்டும், அதை விட்டுவிட்டால் தொட்டி இருந்தும் பிரயோஜனம் இல்லை. பொரித்த எண்ணெயை ஊற்றவே வேண்டியதில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேருகிற போலார் சேர்மங்கள் 25 சதவீதத்துக்கு மேல் போய்விட்டால் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்தே விதி இருக்கிறது, பழைய எண்ணெயைப் பயோடீசலுக்கு வாங்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கீழே ஊற்றுகிறதைக் காசாக்கலாம் என்று கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், கேட்பார்.

சாப்பிடுகிற நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. நீங்கள் பார்சல் வாங்கும்போது சால்னாவை எதில் கட்டித் தருகிறார்? அந்தக் கவருக்கு 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடை, ஆனால் நாம் கைவீசிக்கொண்டு போனால் அவர் வேறு எதில்தான் ஊற்றுவார்? தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போங்கள். என் அப்பா காலத்தில் காப்பிக்கடைக்குத் தூக்குவாளி இல்லாமல் யாரும் போனதில்லை. சால்னாவும் சூடு ஆறாமல் வீட்டுக்கு வந்து சேரும்.

மட்டத்துக்குத்தான் அலைய வேண்டும். உங்கள் பகுதி மாநகராட்சிக்குள் வருகிறதா, ஊராட்சியிலா என்று வீட்டுவரி ரசீதில் பாருங்கள், புது விரிவாக்கங்களில் இதிலேயே பாதிப் பேருக்குக் குழப்பம். ஊராட்சி என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். மாநகராட்சி என்றால் வார்டு கவுன்சிலர் தலைமையில் ஏரியா சபா. 2022-ல் விதி வந்து, அந்த வருடம் நவம்பர் 1-ம் தேதி முதல்முறையாகக் கூடியது. எங்கள் ஏரியா சபாவுக்கு முதல்முறை நான் போனபோது பன்னிரண்டு பேர் இருந்தோம், அதில் மெஸ்காரரும் ஒருவர், இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். 'சாக்கடைப் பிரச்சனை' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எந்தக் குழாய், எத்தனை அடி புதைந்திருக்கிறது, எத்தனை வீடு, எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்று போட்டோவோடு சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ரோட்டு வேலையின் மதிப்பீட்டு நகலையும், செய்த வேலையை அளந்து எழுதுகிற எம் புக் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எங்களுக்குப் பதில் வருவதற்கு முன்னாலேயே ஒரு பொறியாளர் மட்டப்பலகையோடு வந்துவிட்டார். குழாயை மாற்ற ஏழு மாதம் ஆனது. ஏழு மாதமும் யாராவது ஒருவர் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

வீட்டில் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். அல்வா ருசிக்குக் காரணம் கேட்டால் நம் ஊரில் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள், தாமிரபரணித் தண்ணி. நானும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தவன். அந்த ஆற்றிலிருந்து சுத்தமல்லி அணைக்கட்டில் நெல்லைக் கால்வாய் பிரிகிறது, அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய், பழவூரில் பாளையங்கால்வாய். மூன்றும் வயலுக்கு வெட்டியவை. ஒரு நாள் சாயங்காலம் பாளையங்கால்வாய்க் கரையோடு ஊருக்குள் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள், எத்தனை வாறுகால் அதில் வந்து விழுகிறது என்று எண்ணுங்கள். என்னால் நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை, மனசு தாங்காமல் திரும்பி வந்துவிட்டேன். அந்தத் தண்ணீரில்தான் நாம் சாப்பிடுகிற அரிசி விளைகிறது. ருசியைப் பற்றி எழுதுகிறவன் தட்டுக்கு முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் எழுதி, தட்டு கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று எழுதாமல் இருந்தால் அது பாதி எழுத்துதான். சாப்பிட்டுப் பழகினவன் சொன்னால்தான் கடைக்காரரும் காதுகொடுப்பார். அவர் கடை நன்றாக நடக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நீங்கள், அது அவருக்குத் தெரியும். கையெழுத்து வாங்கிக்கொண்டு அலைகிறவர் அந்தக் கடையில் ஒரு நாளாவது சாப்பிட்டிருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பேசப் போகிறதென்றால் ராத்திரி எட்டு மணிக்குக் கல்லில் புரோட்டா வெந்துகொண்டிருக்கும்போது போகாதீர்கள். சாயங்காலம் நாலு மணி வாக்கில் போங்கள், மாவு பிசைந்து உருண்டை போட்டு எண்ணெய் தடவி ஈரத்துணி மூடி வைத்துவிட்டுக் கடைக்காரர்கள் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிற நேரம் அது. வாட்ஸப் குழுவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் மனு போவதுதான் பெரிய வலி, அதைச் செய்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

அதே கடையில் சாப்பிட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். போன சனிக்கிழமையும் நான் அங்கேதான் சாப்பிட்டேன். அந்த அம்மா நல்லெண்ணெயை ஊற்றிவிட்டு, தூக்குச்சட்டியை மேசையில் வைத்த கையோடு கேட்டார்: "தொட்டியக் காலையிலேயே வழிச்சாச்சு அண்ணாச்சி. அடுத்த ஏரியா சபா என்னைக்கு? பின் தெருவுல ரெண்டு பேர் நானும் வாரேன்னு சொல்லியிருக்காவ."