குடலுக்குள் நரம்பு செல்கள் எப்படிப் போய்ச் சேருகின்றன?

பிறந்து இரண்டு நாளாகியும் குழந்தைக்கு மலம் போகாவிட்டால், குடலில் நரம்பு இல்லையோ என்று டாக்டர் ஏன் சந்தேகப்படுகிறார் எனக் கேட்டிருக்கிறீர்கள். காரணம், அந்த நரம்பு செல்கள் குடலில் பிறப்பதே இல்லை.

கருவில் பின்கழுத்துப் பக்கம், தண்டுவடம் உருவாகும் இடத்து விளிம்பில் நரம்பு முகட்டு செல்கள் தோன்றுகின்றன; பின்னால் குடலின் நரம்பாக மாறப்போவது இவைதான். சுமார் 4ஆவது வாரம் அவை முன்குடலுக்குள் (குடலின் தொடக்கப் பகுதி) நுழைந்து, 7ஆவது வாரவாக்கில் குடலின் கடைசி முனையை எட்டுகின்றன. வேடிக்கை என்னவென்றால், இவை நடக்க நடக்க குடலும் நீண்டுகொண்டே போகிறது! அதனால் வழியெல்லாம் பெருகியாக வேண்டும். குடல் சுரக்கும் ஜிடிஎன்எஃப் என்ற புரதம் அவற்றை முன்னே இழுக்கிறது. செல்லின் மேலிருக்கும் ரெட் என்ற ஏற்பி அதை உணர்கிறது. எண்டோதெலின்-3 என்ற புரதம் இன்னொரு வேலை செய்கிறது: அந்த செல்கள் பாதி வழியிலேயே நரம்பாக மாறி நின்றுவிடாமல் தடுக்கிறது.

இந்தப் பாதையைக் காட்டியவர் பிரான்ஸ் நாட்டுக் கருவியல் அறிஞர் நிக்கோல் லெ துவாரின். கோழிக்கருவில் காடையின் செல்களை ஒட்டவைத்தார். காடை செல்லின் உட்கருவைச் சாயமேற்றினால் அடர்த்தியான ஒரு திட்டு தெரியும், கோழியினதில் தெரியாது. அப்புறம் என்ன, எது எங்கே போனது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே போதும்.

செல்கள் தீர்ந்துபோனாலோ தாமதித்தாலோ காலியாகக் கிடப்பது கடைசிப் பகுதிதான். அதுதான் ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய். ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. நரம்பில்லாத துண்டு தளராமல் இறுகியே இருக்கும், அதற்கு மேலுள்ள நல்ல குடல் வீங்கும். மருந்தில் சரியாகாது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு, நல்ல குடலை இழுத்து ஆசனவாயில் தைக்கிறார்கள்.