ஏழு என்றால் எந்த ஏழு?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். கூட்டு டைம் சிக்னேச்சர், அதாவது 3+2+2/8, 4+2+3/8, 6/8-ம் 3/4-ம் மாறி மாறி வருவது போன்றவற்றைக் கணினியில் எழுதுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். (டைம் சிக்னேச்சர் என்பது ஒரு பாரில், அதாவது இரண்டு குறுக்குக் கோடுகளுக்கு நடுவில், எந்த நோட்டு எத்தனை என்று காட்டும் எண் ஜோடி.) அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஸ்டிரிங் குவார்ட்டெட் வைத்திருக்கிறோம். மிஸ்ர சாபுவில் (ஏழு எண்ணிக்கைத் தாளம்) அமைந்த ஒரு தில்லானாவை ஸ்டாஃப் நோட்டேஷனில் (மேற்கத்திய ஐந்து கோட்டு இசைக்குறிப்பு) எழுதிக்கொண்டிருக்கிறேன். இசை எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் எழுதினால் வெறும் 7/8 என்றுதான் வருகிறது. 3+2+2 என்று மேலே காட்ட முடியுமா?
– இசைக் கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

முடியும். முதலில் 7/8 போட்டுவிடுங்கள். ஸ்கோரில் அதைச் சொடுக்கினால் இடப்பக்கம் உள்ள ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் ‘டைம் சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ்’ என்று ஒரு பட்டன் வரும். அதைத் திறந்தால் தோற்றத்துக்கு என்று தனி இடம் இருக்கும். அங்கே மேல் கட்டத்தில் 3+2+2, கீழ் கட்டத்தில் 8 என்று எழுதி ஓகே கொடுங்கள். கூட்டல் குறியையும் அது டைம் சிக்னேச்சருக்கான எழுத்துருவிலேயே போட்டுத் தரும். இரண்டு நிமிட வேலை.

தயவுசெய்து அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். இப்போது நீங்கள் மாற்றியது பெயர்ப்பலகையை மட்டும்தான். டைம் சிக்னேச்சர் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதை மென்பொருள் மூன்று தனித்தனி விஷயங்களாக வைத்திருக்கிறது. பார் எவ்வளவு நீளம் என்பது ஒன்று. வாசிப்பவர் கண்ணுக்கு என்ன எண் தெரிகிறது என்பது இன்னொன்று. உள்ளே நோட்டுகளை எப்படிக் கொத்துக் கொத்தாகப் பீம் (நோட்டுகளின் தண்டுகளை இணைக்கும் தடித்த கோடு) போட்டுச் சேர்ப்பது என்பது மூன்றாவது. நீங்கள் தொட்டது இரண்டாவதை மட்டும். மூன்றாவது அப்படியே இருக்கிறது.

அதே பெட்டியில் ‘நோட் குரூப்ஸ்’ என்று கீழே ஒரு பகுதி உண்டு. அங்கே ஏழு குவேவர்கள் (கீழ் எண் 8 குறிக்கும் நோட்டு) வரிசையாக நிற்கும். எந்த நோட்டில் புதிய கொத்து தொடங்க வேண்டுமோ அதைச் சொடுக்கினால் பீம் அங்கே அறுபடும். மறுபடி சொடுக்கினால் சேரும். உங்களுக்கு நாலாவது நோட்டிலும் ஆறாவது நோட்டிலும் அறுக்க வேண்டும். த-கி-ட, த-க, தி-மி. கையில் தாளம் போட்டுப் பாருங்கள். தட்டு விழுகிற இடமும் அந்த நாலும் ஆறும்தான். செமிகுவேவர்களுக்கும் (குவேவரில் பாதி நீளம்) அப்படியே செய்யுங்கள், தில்லானாவில் அவைதான் அதிகம் வரும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், வாசிப்பவர் டைம் சிக்னேச்சரைப் பார்ப்பது ஒரு தடவை. பீமைப் பார்ப்பது ஒவ்வொரு பாரிலும். பல வருடங்களுக்கு முன் ஒரு ரெக்கார்டிங்குக்கு ஸ்டிரிங் பார்ட்டுகள் எழுதிக் கொடுத்தேன். அதுவும் மிஸ்ர சாபுதான். பழைய ஃபைல் ஒன்றை எடுத்து அதன் மேலேயே எழுதியிருந்தேன். அந்தப் பழைய பாட்டு 2+2+3-ல் இருந்தது. முகப்பில் 3+2+2 என்று அழகாக மாற்றினேன், உள்ளே உள்ள பிரிவை மாற்றவில்லை. வயலின்காரர்கள் பீம் சொன்னபடி ஒன்று, மூன்று, ஐந்தில் அழுத்தினார்கள். செல்லோ பார்ட்டில் ஒவ்வொரு கொத்துக்கும் ஒரே ஒரு நீண்ட நோட்டுதான், அதனால் பீமே இல்லை. அவர் சரியாக ஒன்று, நாலு, ஆறில் அழுத்தினார். ஒரே ஏழுக்குள் இரண்டு தாளம் ஓடியது. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது, ஏனென்றால் ஒரு நோட்டுகூடத் தப்பில்லை. கடைசியில் முதல் வயலின் வாசித்தவர் பென்சிலை எடுத்து, என் பீம்களைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு பாரிலும் நாலாவது, ஆறாவது நோட்டுக்கு முன்னால் சின்னச் சின்னக் கோடுகளாக இழுத்தார். பக்கத்தில் இருந்தவர்களும் அதைப் பார்த்துத் தங்கள் தாளில் இழுத்தார்கள். அடுத்த டேக்கில் சரியாக வந்தது. அந்தத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

கணினியில் போட்டுக் கேட்டாலும் இந்தத் தப்பு காதில் விழாது. பீம் எப்படி இருந்தாலும் மென்பொருள் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். அச்செடுத்து, வாயால் சொற்கட்டு சொல்லிக்கொண்டே விரலால் பீம்களைத் தொட்டுப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. நம் சங்கீதத்திலேயே மிஸ்ர சாபுவின் 3+4-ஐத் திருப்பிப் போட்ட 4+3, விலோம சாபு, இருக்கிறது. சாமா சாஸ்திரிகள் பெயரோடு சேர்த்தே அதைச் சொல்வோம். தகதிமி தகிட என்று வருவதை நீங்கள் 2+2+3 என்று எழுதலாம். வெறும் 7/8 என்று போட்டால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அப்புறம் வேறெங்கோ இருந்து வந்த ஒரு வயலின்காரர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்?

குவார்ட்டெட் என்பதால் வில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொத்துக்கு ஒரு வில் என்று ஸ்லர் (ஒரே வில்லில் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு) போட்டால் பாருக்கு மூன்று வில் ஆகும். முதல் பார் கீழ்வில்லில் தொடங்கினால் அடுத்த பார் மேல்வில்லில் தொடங்கும். அது பிடிக்கவில்லை என்றால் கடைசி இரண்டு கொத்தையும் ஒரே வில்லில் சேர்த்து, நடுவில் லேசாக நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். இதை நாலு பேரும் உட்கார்ந்து முடிவுசெய்துவிட்டு ஸ்கோரில் ஏற்றுங்கள்.

கேள்வி: நான் பியானோ சொல்லிக் கொடுக்கிறேன். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் ‘மிக்ரோகாஸ்மோஸ்’ என்ற பியானோ தொகுப்பின் கடைசி வால்யூமில் 4+2+3 கீழே 8 என்று இருக்கிறது. மாணவி ஒருத்தி, “மிஸ், கூட்டினால் 9/8 தானே, ஏன் இப்படி?” என்று கேட்கிறாள். அவளுக்குப் பயிற்சித்தாள் தயாரிக்க எந்த மென்பொருள் வசதி?
– பியானோ ஆசிரியை, திருச்சி

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். 9/8 என்று எழுதினால் மேற்கத்திய இசை படித்த யாரும் அதை 3+3+3 என்றுதான் வாசிப்பார்கள். அது பல நூறு வருடப் பழக்கம். பார்டோக் எழுதியது அது இல்லை.

மிக்ரோகாஸ்மோஸில் மொத்தம் 153 துண்டுகள். அவற்றில் கடைசி ஆறு, 148 முதல் 153 வரை, பல்கேரிய ரிதத்தில் அமைந்த நடனங்கள். பல்கேரிய நாட்டுப்புற ஆட்டங்களில் குட்டை அடி, நெட்டை அடி என்று இரண்டு விதம் உண்டு. குட்டை இரண்டு எண்ணிக்கை, நெட்டை மூன்று. ரச்செனிட்சா என்ற ஆட்டம் 2+2+3. பாய்துஷ்கோ 2+3. ஆடுகிறவர் ஏழு எண்ணுவதில்லை, குட்டை-குட்டை-நெட்டை என்று மூன்று அடி வைக்கிறார். அந்த அடியைத்தான் பார்டோக் கூட்டல் குறி போட்டுக் காட்டுகிறார்.

உங்கள் மாணவிக்கு 151-ஐயும் 153-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒன்று 3+2+3, மற்றது 3+3+2. இரண்டையும் கூட்டினால் எட்டு. கூட்டியே எழுதியிருந்தால் இரண்டும் 8/8, அல்லது சாதாரண 4/4. இரண்டும் எவ்வளவு வேறு வேறு என்பது வாசித்தவுடனே தெரிந்துவிடும். அவள் கேட்டதற்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை. 148-ஐ வாசிக்கும் முன் “தகதிமி தக தகிட” என்று சொல்லி நடக்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

மென்பொருளுக்கு வருகிறேன். இந்த ஒரு வேலையில் டோரிகோ என்ற மென்பொருள்தான் சுலபம். ஷிஃப்ட்டும் எம்மும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் திறக்கும். அதில் 4+2+3/8 என்று தட்டினால் தோற்றம், பீம் இரண்டும் சேர்ந்தே மாறிவிடும். எண்களைச் சதுர அடைப்புக்குள் போட்டு, [4+2+3]/8 என்று எழுதினால் கண்ணுக்கு 9/8 மட்டும் தெரியும், பீம் மட்டும் 4, 2, 3 என்று பிரியும். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், பிரிவு அடிக்கடி மாறுகிற துண்டுகளில் பாருக்குப் பார் 3+2+2, 2+3+2 என்று பெரிய பெரிய எண்களாக நின்றால் வரி முழுக்க அடைத்துக்கொள்ளும், கண் நோட்டுக்குப் போகாது. கடைசி வரை ஒரே பிரிவு என்றால் கூட்டல் குறியோடு எழுதுங்கள். அடிக்கடி மாறினால் 7/8 என்று ஒரு தடவை போட்டு, பீமை ஒழுங்காகப் பிரித்து, தேவையான இடத்தில் ஸ்டாஃபுக்கு மேலே சின்னதாக எண்களை எழுதுங்கள். என் கை பழகியது இப்படித்தான்.

மியூஸ்ஸ்கோரிலும் முன் பதிலில் சொன்ன வழியில் செய்யலாம். அது இலவசம், மாணவியும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஸ்பானிஷ் கிட்டார் பாணியில் ஒரு பாட்டு. ஒரு பார் 6/8, அடுத்த பார் 3/4 என்று கடைசி வரை மாறி மாறி வருகிறது. ஒவ்வொரு பாருக்கும் டைம் சிக்னேச்சர் வருவது அசிங்கமாக இருக்கிறது. முதலில் மட்டும் இரண்டையும் காட்டினால் போதாதா?
– கிட்டார் கலைஞர், புதுச்சேரி

போதும், அதுதான் முறையும். முதல் பாரில் 6/8, 3/4 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டால், இது மாறி மாறி வரும் என்று வாசிப்பவர் புரிந்துகொள்வார். டோரிகோ இந்த வகையை நேரடியாகவே ஏற்கும். மியூஸ்ஸ்கோரில் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். உண்மையாகவே ஒவ்வொரு பாருக்கும் அதற்குரிய டைம் சிக்னேச்சரைப் போடுங்கள். அப்போதுதான் பீம் ஒன்றில் மும்மூன்றாகவும் மற்றதில் இரண்டிரண்டாகவும் விழும். அப்புறம் இரண்டாவது பாரிலிருந்து உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து வி விசையை அழுத்தினால் அவை அச்சில் மறைந்துவிடும். முதல் பாரில் 6/8-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய 3/4-ஐ மட்டும் சிம்பல் பேலட்டிலிருந்து எண்களை எடுத்துக் கையால் வைக்க வேண்டும்.

இரண்டு பாரிலும் ஆறு குவேவர்தான் என்பதால் எல்லாவற்றையும் 6/8 என்றே எழுதிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். தகிட தகிட, அடுத்து தக தக தக. பாட்டின் உயிரே அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: ஃபினாலேவில் எழுதிய பழைய ஸ்கோர்களை வேறு மென்பொருளுக்கு மாற்றினால் கூட்டு டைம் சிக்னேச்சர்கள் என்ன ஆகும்?
– சர்ச் காயர் நடத்துநர், நாகர்கோவில்

ஃபினாலேவை இனி மேம்படுத்தப்போவதில்லை என்று அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. ஆகவே மாற்றுகிற வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த மென்பொருள் உங்கள் கணினியில் ஓடும்போதே எல்லா ஃபைலையும் பல மென்பொருள்களுக்கும் பொதுவான மியூசிக் எக்ஸ்எம்எல் வடிவில் எடுத்து வையுங்கள்.

அந்த வடிவத்தில் 3+2/8 போன்றவற்றுக்கு இடம் உண்டு. 2/4+3/8 என்று கீழ் எண்ணே இரண்டாக இருக்கிற வகைக்கும் உண்டு. பீமும் ஒவ்வொரு நோட்டோடும் சேர்ந்தே பதிவாகும். சிக்கல் வருவது மறுமுனையில். வாங்கிக்கொள்ளும் மென்பொருள் அதைத் தன் வழக்கப்படி திருப்பி அடுக்கிவிடலாம், இரண்டு கீழ் எண்ணைக் காட்டத் தெரியாமல் 7/8 என்று சுருக்கிவிடலாம். அதனால் ஒவ்வொரு ஸ்கோருக்கும் ஒரு பிடிஎஃபும் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றியதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருக்குப் பார் ஒப்பிடுங்கள். ஃபினாலேவில் ‘காட்டுவதற்கு வேறு டைம் சிக்னேச்சர்’ என்ற வசதியைப் பயன்படுத்திய இடங்களை முதலில் பாருங்கள். அங்கே எழுதியது ஒன்று, காட்டியது ஒன்று.

கேள்வி: ஆதி தாளம் 4+2+2 தானே? அதை 4+2+2/4 என்று எழுதுவது சரியா?
– வீணை மாணவி, மதுரை

கணக்குப்படி சரி. ஒரு லகு (இங்கே நாலு எண்ணிக்கை), இரண்டு திருதம் (தலா இரண்டு எண்ணிக்கை). வாசிப்பவருக்கு அங்கங்கள் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறீர்கள் என்றால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் சதுஸ்ர நடையில் (எண்ணிக்கைக்கு நாலு) ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 32 செமிகுவேவர் வரும். அதை ஒரே பாரில் அடைத்தால் தாளின் அகலம் முழுக்கப் போய்விடும். இசை வாசிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் 4/4-ல் இரண்டிரண்டு பாராக எழுதி, ஆவர்த்தனம் முடிகிற இடத்தில் இரட்டைக் கோடு போடுங்கள். இரண்டு திருதங்களுக்கு நடுவே பிரிவு தெரிய வேண்டுமானால், மியூஸ்ஸ்கோரில் இரண்டாவது பாரின் மூன்றாவது எண்ணிக்கையில் உள்ள நோட்டைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு பேலட்டில் உள்ள விட்டு விட்டு வரும் கோட்டைச் சொடுக்கினால் பார் உடையாமல் அந்தக் கோடு மட்டும் விழும்.