பழைய ஜீப்பில் பாடி கொன்ட்ரோல் மொடியூலை மாற்றினால் மட்டும் போதுமா?

கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கிய பாவித்த மொடியூலைப் பொருத்திய பின்னரும் கதவுப் பூட்டும் வைப்பரும் இயங்காதது ஏன் என்பதே கேள்வி. விளக்கு, வைப்பர், ஹோர்ன், கதவுப் பூட்டு முதலியவற்றுக்குக் கட்டளையிடும் சிறு கணினிப் பெட்டியே பாடி கொன்ட்ரோல் மொடியூல். வாகனத்தின் அடையாள இலக்கமும், அதிலுள்ள வசதிகளின் விபரமும், பல வாகனங்களில் சாவியின் இரகசியக் குறியீடும் அதற்குள் பதிந்திருக்கும். ஆகவே பாக இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலும், உரிய ஸ்கேனரால் (வாகனக் கணினிகளோடு இணைத்துப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) புதிதாகப் புரோகிராம் செய்யாதவரை அது தான் முன்பு இருந்த வாகனத்தின் விபரங்களையே வைத்திருக்கும். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் வாயிலில் வேறொரு கட்டடத்தின் பதிவேட்டோடு நிற்கும் காவலாளி, குடியிருப்பவரையே உள்ளே விட மறுப்பதைப் போன்றது இது.

என்னைக் கேட்டால், பணம் கொடுக்கும் முன்னரே சில இடங்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அது மிகக் குறைந்திருந்தாலோ, கடற்காற்று படும் கொழும்பில் ஏர்த் வயரின் நுனியில் பச்சைக் களிம்பு படிந்திருந்தாலோ, மழைநீர் கசிந்து இணைப்பின் ஊசிகள் அரித்திருந்தாலோ, நல்ல மொடியூலும் பழுதானதைப் போலவே நடந்துகொள்ளும். மாற்றுவதற்கு முன் பற்றரியின் எதிர் (−) முனையைக் கழற்றிவிடுங்கள்.

எஞ்சினுக்கும் இம்மொடியூலுக்கும் சம்பந்தமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சாவியை அடையாளம் காணும் பொறுப்பு இம்மொடியூலிடம் உள்ள வாகனங்களில், புரோகிராம் செய்யாமல் மாற்றினால் எஞ்சினே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.