‘ஹெச்’சை விடுங்க, ‘யெஸ்’ஸைப் பாருங்க

தம்பி, அம்பாசமுத்திரத்திலிருந்து போய்ச் சென்னை ஆபீசில் சேர்ந்த உங்களை, ஆங்கில H எழுத்தை ‘எய்ச்’ என்னாமல் ‘ஹெச்’ என்றதற்கும் S, அதாவது ‘எஸ்’ எழுத்தை ‘யெஸ்’ என்றதற்கும் சேர்த்துக் கேலி செய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் ஒரே கணக்கில் வராது.

‘ஹெச்’சை விட்டுத்தள்ளுங்கள். அயர்லாந்தில் ஹ சேர்த்துச் சொல்வது சர்வசாதாரணம். இங்கிலாந்திலும் இளவட்டங்களிடம் பரவிவருகிறது. எழுத்தின் பெயர் ஊருக்கு ஊர் மாறும்; திருத்த வருகிறவர் கடைசி எழுத்தான Z-ஐ ‘ஸெட்’ என்கிறாரா, அமெரிக்கர் மாதிரி ‘ஸீ’ என்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்!

‘யெஸ்’ வேறு சங்கதி. தமிழ்ப் பேச்சில் எ, ஏ முதலில் வந்தால் முன்னால் ஒரு ய் ஒட்டிக்கொள்ளும். எலி ‘யெலி’ ஆகும். நம்ம ஊர் ‘ஏலே’ கூட ‘யேலே’ என்றுதானே காதில் விழுகிறது? சிரிக்கிற சென்னைக்காரர்கள் பலருக்கும் இது உண்டு. ஆனால் போனில் கஸ்டமருக்குப் பெயரை எழுத்துக்கூட்டும்போது, எழுத்தைச் சொல்கிறீர்களா, ஆமாம் என்கிறீர்களா என்று அவர் குழம்புவார். அதனால் இதை மட்டும் சரிசெய்யுங்கள். நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வைத்து, வாயைத் திறந்துகொண்டு, அப்புறம் குரல் கொடுங்கள். நாக்கின் நடுப்பகுதி மேலே எழும்பினால் ய் வந்துவிடும். பழகும்வரை ‘எஸ் ஃபார் சேலம்’ என்றே சொல்லிக்கொண்டிருங்கள்.